கணினி வலையமைப்பில் தானமைவு: டிஎச்சிபி நெறிமுறையின் செயற்பாடும் அதன் நம்பகச் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

வலையமைப்பில் புதிதாக இணையும் கணினி தனக்குரிய ஐபி முகவரி முதலான அடிப்படை அமைப்புகளை மனிதத் தலையீடின்றித் தானே கேட்டுப் பெறுகிறது. இதற்கு வழிசெய்யும் டிஎச்சிபி என்னும் நெறிமுறை தோன்றிய சூழல், அதன் செய்திப் பரிமாற்ற முறை, முகவரியைக் குத்தகையாக வழங்கும் கோட்பாடு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஐபி ஆறாம் பதிப்பில் இம்முறை அடைந்த மாற்றமும் சுட்டப்படுகிறது. விடையளிப்பவரின் அடையாளத்தைச் சோதியாது ஏற்கும் இயல்பால் எழும் இடர்களும், குத்தகைப் பதிவேட்டைச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாடும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டிஎச்சிபி, ஐபி முகவரி, குத்தகைக் காலம், பரப்புச் செய்தி, தானமைவு, இடைமாற்று முகவர், குத்தகைப் பதிவேடு.

முன்னுரை

பல்கலைக்கழக நூலகத்திற்குள் நுழையும் ஆய்வாளர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைஃபை கடவுச்சொல்லை இடுகிறார். ஓரிரு நொடிகளில் இணையம் வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் அவருடைய கணினி குறைந்தது நான்கு செய்திகளைக் கைகுலுக்கிக் கொள்வதுபோல் பரிமாறியிருக்கும். தனக்கு எந்த ஐபி முகவரி, தன் வலை எதுவரை பரவியுள்ளது, வெளியுலகிற்குச் செல்லும் வாயில் எது, தளப்பெயரை எண்முகவரியாக மாற்றித் தருபவர் யார் ஆகிய நான்கும் தெரியாமல் எந்தக் கணினியும் இணையத்தில் ஓர் அடிகூட எடுத்துவைக்க இயலாது. இந்நான்கையும் ஒரு காலத்தில் மனிதர்கள் தாளில் எழுதிவைத்துக் கையால் தட்டச்சு செய்தனர். ஓர் எண் பிழைத்தாலும் இணைப்பு இராது. அதைவிடத் தொல்லையானது, இரு கணினிகளுக்கு ஒரே எண் தவறுதலாக இடப்பட்டால் இரண்டின் இணைப்பும் விட்டுவிட்டு வரும். காரணத்தைக் கண்டறிவதற்குள் பொழுது போய்விடும்.

இப்பணியை இன்று ஏற்றுள்ளது டிஎச்சிபி என்னும் இயங்குநிலை அமைவு நெறிமுறை. பயன்பாட்டில் இவ்வளவு பரவலாக உள்ள நெறிமுறைகள் சிலவே. ஆயினும் பயனரின் கண்ணில் படாமலேயே இது இயங்குகிறது. பாடநூல்களும் பெரும்பாலும் நான்கு செய்திகளின் பெயரைத் தந்து அடுத்த தலைப்பிற்குச் சென்றுவிடுகின்றன. அந்நான்கு செய்திகளுக்குப் பின்னாலிருக்கும் 'ஏன்' என்ற வினாவே இங்கு முதன்மையாகக் கொள்ளப்படுகிறது.

நிலையான பட்டியலிலிருந்து குத்தகைக்கு

முகவரியைத் தானாகப் பெறும் தேவை முதலில் வட்டு இல்லாத கணினிகளால் எழுந்தது. 1980களில் வன்வட்டு விலை மிகுந்த பொருளாக இருந்தமையால், வட்டின்றி வலை வழியாகவே இயக்குதளத்தை ஏற்றிக்கொள்ளும் பணிநிலையங்கள் பயன்பாட்டிற்கு வந்தன. தன் முகவரியை எழுதிவைக்க இடமே இல்லாத இயந்திரம், ஒவ்வொரு முறை மின்னிணைப்புப் பெறும்போதும் யாரையேனும் கேட்டாக வேண்டும். அதனிடம் இருப்பதெல்லாம் வலை அட்டையில் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட மேக் முகவரி மட்டுமே.

1984 ஜூனில் ஆர்எஃப்சி 903 ஆக வெளிவந்த ஆர்ஏஆர்பி என்னும் நெறிமுறை இக்குறையை ஓரளவு தீர்த்தது. 'இந்த மேக் முகவரிக்குரிய ஐபி முகவரி எது?' என்று கணினி கேட்க, சேவையகம் விடை தந்தது. எனினும் முகவரியைத் தவிர வேறெதனையும் அது தரவில்லை. மேலும் அது ஈதர்நெட் அடுக்கிலேயே இயங்கியதால் திசைவியைத் தாண்டிச் செல்ல இயலவில்லை. ஒவ்வொரு வலைத்துண்டிற்கும் தனித்தனிச் சேவையகம் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு, 1985 செப்டம்பரில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பில் கிராஃப்ட், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜான் கில்மோர் ஆகிய இருவரும் பூட்பி என்னும் நெறிமுறையை ஆர்எஃப்சி 951 வழியே முன்வைத்தனர். இது யுடிபி மீது இயங்கியது. எனவே இடைமாற்று முகவர் ஒருவரின் துணையுடன் திசைவியைக் கடக்க முடிந்தது. ஏற்றவேண்டிய இயக்கக் கோப்பின் பெயரையும் சேர்த்தே தந்தது.

பூட்பியின் குறை வேறிடத்தில் இருந்தது. எந்த மேக் முகவரிக்கு எந்த ஐபி முகவரி என்ற பட்டியலை நிருவாகி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இடம்பெயராத பணிநிலையங்களுக்கு இது போதுமானதாக இருந்தது. மடிக்கணினி வந்தபின் நிலைமை மாறியது. காலையில் ஒரு கட்டடத்திலும் மாலையில் மற்றொன்றிலும் இணையும் கருவியை எந்தப் பட்டியலில் எழுதுவது? எழுதப்பட்ட முகவரி, அக்கருவி ஆண்டுக்கணக்கில் திரும்பி வராவிட்டாலும் அதற்கென்றே முடங்கிக் கிடக்கும். முகவரிகளோ எண்ணிக்கையில் வரம்புடையவை.

பென்சில்வேனியாவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய டிஎச்சிபி வரையறை 1993 அக்டோபரில் ஆர்எஃப்சி 1531 ஆக வெளிவந்தது. பதிப்பிப்பில் நேர்ந்த பிழைகள் காரணமாக அதே மாதத்திலேயே ஆர்எஃப்சி 1541 ஆக அது மீண்டும் வெளியிடப்பட்டது. இன்று வழக்கிலுள்ள ஆர்எஃப்சி 2131, 1997 மார்ச்சில் வந்தது. இதன் புதுமை ஒரே சொல்லில் அடங்குகிறது: குத்தகை. முகவரி கருவிக்கு உரிமையாக்கப்படுவதில்லை. குறித்த காலத்திற்கு விடப்படுகிறது. காலம் முடிவதற்குள் புதுப்பிக்கப்படாவிடில் முகவரி சேவையகத்தின் தொகுப்பிற்கே திரும்பிவிடும். நிலக் குத்தகையை அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கருத்து புதிதன்று. மூலமொழிச் சொல்லைக் காட்டிலும் 'குத்தகை' என்ற சொல் இங்கு தெளிவாகவே பொருள் தருகிறது எனலாம்.

டிரோம்ஸ் புதிய செய்தி வடிவத்தை உருவாக்காமல் பூட்பியின் வடிவத்தையே வைத்துக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த இடைமாற்று முகவர்கள் மாற்றமின்றி இயங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். விளைவாக, சேவையகப் பெயருக்கென 64 பைட்டும் இயக்கக் கோப்பின் பெயருக்கென 128 பைட்டும் ஒவ்வொரு செய்தியிலும் இன்றும் இடம்பெறுகின்றன. கைப்பேசி ஒன்று உணவகத்தின் வைஃபையில் இணையும்போது அந்த 192 பைட்டுகளும் பெரும்பாலும் வெறும் சுழியங்களாகவே செல்கின்றன. நாற்பதாண்டுக்கு முந்தைய வட்டில்லாக் கணினியின் தடம் அது.

முகவரியற்ற கருவி பேசும் முறை

கடிதம் எழுதுபவருக்கு அனுப்புநர் முகவரியும் இல்லை, பெறுநர் யாரென்றும் தெரியாது என்றால் கடிதம் எவ்வாறு போய்ச் சேரும்? டிஎச்சிபி எதிர்கொண்ட முதற் சிக்கல் இதுவே. கருவி தன் அனுப்புநர் முகவரியாக 0.0.0.0 என்பதையும், பெறுநர் முகவரியாக 255.255.255.255 என்பதையும் இட்டு 'கண்டறிதல்' செய்தியை அனுப்புகிறது. பின்னது பரப்பு முகவரி. அவ்வலைத்துண்டில் உள்ள எல்லாக் கருவிகளின் காதிலும் விழும். சேவையகம் யுடிபி வாயில் 67 இலும், கேட்கும் கருவி வாயில் 68 இலும் காத்திருக்கும். செய்தியில் கருவியின் மேக் முகவரியும், அதுவே தேர்ந்தெடுத்த 32 பிட் அடையாள எண்ணும் இருக்கும். ஒரே நேரத்தில் பத்துக் கருவிகள் கேட்டாலும் எந்த விடை யாருக்கு என்பதைப் பிரித்தறிய இவ்வெண் உதவுகிறது.

சேவையகம் தன் தொகுப்பிலிருந்து ஒரு முகவரியைத் தேர்ந்து 'முன்மொழிவு' அனுப்புகிறது. இங்கு நுட்பமான ஓர் இடர் உண்டு. வழக்கமாக ஒரு முகவரிக்குச் செய்தி அனுப்புமுன், 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று வலையில் கேட்டு அதன் மேக் முகவரியை அறிந்துகொள்வது மரபு. ஆனால் முன்மொழியப்பட்ட முகவரி தன்னுடையது என்பது அக்கருவிக்கே இன்னும் தெரியாது; எனவே அந்த வினாவிற்கு அது விடையளிக்காது. சேவையகம் இத்தேடலைத் தவிர்த்து, வந்த செய்தியிலிருந்த மேக் முகவரியையே நேரடியாக இட்டு அனுப்பிவிடுகிறது. சில கருவிகளின் மென்பொருள், முகவரி அமையுமுன் தனக்கென வரும் தனிச்செய்தியை ஏற்கும் திறனற்றது. அத்தகைய கருவி தன் கோரிக்கையில் 'விடையைப் பரப்பு முறையிலேயே தருக' என்பதற்குரிய ஒரு பிட்டை உயர்த்திவைக்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட சேவையகங்கள் முன்மொழியக்கூடும். கருவி ஒன்றைத் தேர்ந்து 'கோரிக்கை' அனுப்புகிறது. தேர்ந்தெடுத்த சேவையகம் யாரென்று தெரிந்தபின்னும் இச்செய்தி பரப்பு முறையிலேயே செல்வது ஏன் என்று மாணவர்கள் அடிக்கடி வினவுவதுண்டு. தேர்ந்தெடுக்கப்படாத சேவையகங்களும் அதைக் கேட்டு, தாம் ஒதுக்கிவைத்த முகவரியை விடுவித்துக்கொள்வதற்காகவே அவ்வாறு செல்கிறது. இறுதியாகச் சேவையகம் 'ஒப்புதல்' தருகிறது. அதனுடன் துணைவலையின் எல்லையைக் காட்டும் சப்நெட் மாஸ்க், வாயில் திசைவியின் முகவரி, டிஎன்எஸ் சேவையகங்களின் முகவரி, குத்தகைக் காலம் ஆகியவை எண்ணிடப்பட்ட விருப்பக் கூறுகளாக வந்து சேர்கின்றன. மாஸ்க் 1, திசைவி 3, டிஎன்எஸ் 6, குத்தகைக் காலம் 51 என அவற்றின் எண்கள் நிலையானவை.

ஒப்புதல் வந்தபின்னும் கருவி உடனே முகவரியைப் பயன்படுத்திவிடலாகாது. அம்முகவரியை வேறெவரும் கையால் இட்டு வைத்திருக்கிறார்களா என வலையில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது முறை. விடை வந்தால் 'மறுப்பு' அனுப்பித் தொடக்கத்திலிருந்து மீண்டும் கேட்க வேண்டும்.

நேற்று வந்த அதே வலைக்கு இன்றும் வரும் கருவி நான்கு செய்திகளையும் பரிமாறுவதில்லை. நினைவில் உள்ள பழைய முகவரியைக் குறிப்பிட்டு நேரே கோரிக்கையை அனுப்புகிறது. சேவையகம் ஒப்பினால் இரண்டே செய்திகளில் வேலை முடிகிறது. வேறு வலைக்கு வந்துவிட்ட கருவி பழைய முகவரியைக் கேட்டால் 'இசைவின்மை' என்ற விடை வரும். அதன்பின் கண்டறிதலிலிருந்து தொடங்கும்.

பரப்புச் செய்தி திசைவியைத் தாண்டாது என்பதால், பல கட்டடங்களைக் கொண்ட வளாகத்தில் இடைமாற்று முகவர் தேவைப்படுகிறார். பெரும்பாலும் திசைவியே இப்பணியைச் செய்கிறது. அது பரப்புச் செய்தியைப் பிடித்து, தன் முகவரியை அதற்குரிய கட்டத்தில் எழுதி, தொலைவிலுள்ள சேவையகத்திற்குத் தனிச்செய்தியாக அனுப்புகிறது. சேவையகம் அம்முகவரியைப் பார்த்தே கோரிக்கை எந்தத் துணைவலையிலிருந்து வந்தது என்பதை அறிந்து, அதற்குரிய தொகுப்பிலிருந்து முகவரி வழங்குகிறது. மையச் சேவையகம் ஒன்றே வளாகம் முழுமைக்கும் போதுமானதாவது இதனால்தான்.

குத்தகைக் காலத்தைக் கணித்தல்

குத்தகை எவ்வளவு காலம் என்பதை நெறிமுறை வரையறுப்பதில்லை. நிருவாகியின் முடிவிற்கே அது விடப்பட்டுள்ளது. விண்டோஸ் சேவையக மென்பொருளில் இயல்பாக அமைந்திருப்பது 8 நாள். காலத்தின் பாதி கழிந்ததும், அதாவது 4 ஆம் நாள், கருவி தனக்கு முகவரி தந்த சேவையகத்திடமே தனிச்செய்தி வழியே நீட்டிப்புக் கேட்கத் தொடங்கும். விடை வராவிடில் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், அதாவது 7 ஆம் நாள், எந்தச் சேவையகமாயினும் நீட்டிக்கட்டும் எனப் பரப்பு முறையில் கேட்கும். 8 ஆம் நாள் முடிவில் முகவரியைக் கைவிட்டே ஆகவேண்டும். சேவையகம் பழுதுற்றாலும் அதனைச் சீர்செய்ய நிருவாகிக்குக் கால இடைவெளி கிடைப்பது இவ்வமைப்பின் நன்மை.

இடம்பெயராத அலுவலகக் கணினிகளுக்கு 8 நாள் பொருந்தும். நூலகத்தின் வைஃபைக்கு அது பொருந்துமா? 254 முகவரிகள் கொண்ட ஒரு துணைவலையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் புதிதாக 200 கருவிகள் வந்து ஒவ்வொன்றும் இரண்டு மணிநேரம் மட்டுமே தங்குவதாகக் கொண்டால், முதல்நாளிலேயே 200 முகவரிகள் 8 நாளுக்கு முடங்கிவிடும். மறுநாள் 55 ஆவதாக வரும் புதிய கருவிக்கு முகவரி இராது. நூலகத்தில் அப்போது அமர்ந்திருப்போர் முப்பதுபேராகவே இருக்கலாம்; எனினும் சேவையகத்தின் கணக்கில் இடம் நிரம்பிவிட்டது. குத்தகையை ஒரு மணிநேரமாகக் குறைத்தால் இந்நெருக்கடி நீங்கும். மாறாகப் புதுப்பிப்புச் செய்திகள் பெருகும், சேவையகம் ஒரு மணிநேரம் செயலிழந்தாலே இணைப்புகள் அறத் தொடங்கும். 'வைஃபை இணைகிறது, இணையம் வரவில்லை' என்ற முறையீடுகளில் ஒரு பகுதிக்குக் காரணம் அலைவரிசையின் வேகமன்று, இந்தக் கணக்கே ஆகும்.

கைப்பேசிகள் மேக் முகவரியை மறைக்கத் தொடங்கியபின் இக்கணக்கு மேலும் சிக்கலாகியது. ஆண்ட்ராய்டு 10 இல் 2019 முதலும், ஐஓஎஸ் 14 இல் 2020 முதலும், ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு தற்போக்கு மேக் முகவரியைக் காட்டுவதே இயல்பு அமைப்பானது. தனியுரிமை நோக்கில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மேக் முகவரி மாறும்போது சேவையகம் அதனைப் புதிய கருவியாகவே கருதி இன்னொரு முகவரியை ஒதுக்கும். பழைய குத்தகையும் காலம் முடியும்வரை கணக்கில் நிற்கும்.

குத்தகை முறை முழுவதும் கருவியின் நேர்மையைச் சார்ந்தது என்பதும் எண்ணத்தக்கது. காலம் முடிந்தபின் முகவரியைக் கைவிடுமாறு சேவையகத்தால் வற்புறுத்த இயலாது. ஐபேட் விற்பனைக்கு வந்த 2010 ஏப்ரலில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இதை நேரில் கண்டது. சில ஐபேட்கள் குத்தகை முடிந்தபின்னும் புதுப்பிக்காமல் அதே முகவரியைத் தொடர்ந்து பயன்படுத்தின. சேவையகமோ அம்முகவரி விடுபட்டதெனக் கருதி மற்றொரு கருவிக்கு வழங்கக்கூடிய நிலை இருந்தது. பிறருடைய இணைப்பிற்கு இடையூறு நேர்ந்ததால், அவ்வாறு நடந்துகொண்ட கருவிகளைப் பல்கலைக்கழகம் தன் வலையிலிருந்து தடுத்து, சிக்கலின் விவரத்தைப் பொதுவில் வெளியிட்டது. கருவியின் மென்பொருளில் இருந்த சிறு பிழை வளாகத்தின் பொதுச் சிக்கலாக மாறியமைக்கு இது நல்ல சான்று.

விடை வராதபோது

சேவையகமே இல்லாத இடத்தில் இரு கணினிகளை ஒரு கம்பியால் இணைத்தால் அவை பேசிக்கொள்ள வேண்டாமா? இதற்கென 169.254 என்று தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே நடைமுறையில் இருந்த இம்முறை 2005 மே மாதத்தில் ஆர்எஃப்சி 3927 ஆக முறைப்படுத்தப்பட்டது. கருவி இவ்வெல்லைக்குள் உள்ள 65,024 முகவரிகளுள் ஒன்றைத் தற்போக்காகத் தேர்ந்து, வேறெவரும் அதனைப் பயன்படுத்தவில்லை என உறுதிசெய்துகொண்டு தனக்கு இட்டுக்கொள்ளும். இம்முகவரியைக் கொண்டு திசைவியைத் தாண்ட இயலாது. பழுதறியும் நோக்கில் இதற்கொரு பயன் உண்டு: அலுவலகக் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தென்பட்டால், கணினியின் வலை அட்டை இயங்குகிறது, இணைப்பும் உள்ளது, ஆனால் டிஎச்சிபி விடை வந்து சேரவில்லை என்று அறியலாம்.

ஐபி ஆறாம் பதிப்பில் தானமைவு

ஐபி ஆறாம் பதிப்பில் முகவரிப் பற்றாக்குறை இல்லை. ஆதலின் குத்தகைக்கு முகவரி விடுபவரும் கட்டாயமில்லை. திசைவி அவ்வப்போது 'இவ்வலையின் முன்னொட்டு இது' என்று அறிவிக்கும். கருவி அம்முன்னொட்டுடன் தானே உருவாக்கிய 64 பிட்டுகளைச் சேர்த்து முகவரியை அமைத்துக்கொள்ளும். 1996 இல் ஆர்எஃப்சி 1971 வழியே அறிமுகமாகி, 2007 இல் ஆர்எஃப்சி 4862 ஆகச் செம்மையுற்ற இம்முறையில் எந்தப் பதிவேடும் பேணப்படுவதில்லை.

தொடக்கத்தில் அந்த 64 பிட்டுகள் மேக் முகவரியிலிருந்தே பெறப்பட்டன. இதன் விளைவு எதிர்பாராதது. முன்னொட்டு மாறினாலும் பின்பாதி மாறாததால், வீட்டிலும் அலுவலகத்திலும் வெளியூர் விடுதியிலும் ஒரே கருவி என்பதை எந்த இணையதளமும் கண்டுகொள்ள இயலும். இதனைத் தவிர்க்கக் காலமுறையில் மாறும் தற்காலிக முகவரிகள் 2001 இல் ஆர்எஃப்சி 3041 வழியே முன்மொழியப்பட்டன. ஐபி நான்காம் பதிப்பின் குத்தகை முறை தனக்குத் தெரியாமலேயே ஓரளவு மறைவைத் தந்திருந்தது. அதனை நீக்கியபின்தான் அதன் பயன் உணரப்பட்டது. ஆறாம் பதிப்பிற்கெனத் தனி டிஎச்சிபியும் 2003 இல் வந்தது. இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்பதில் இன்றும் ஒருமித்த நடைமுறை இல்லை.

முதலில் விடையளிப்பவர் யார்?

முன்மொழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் கருவி சோதிப்பதில்லை. வலைக்குள் நுழைந்த எவரும் தம்மைச் சேவையகமாகக் காட்டிக்கொள்ளலாம். பல கருவிகள் முதலில் வந்த முன்மொழிவையே ஏற்கின்றன. ஆகவே அருகிலிருந்து விரைந்து விடையளிப்பவரே வெல்கிறார். ஆர்எஃப்சி 2131 தன் பாதுகாப்புப் பகுதியில் இந்நெறிமுறை பாதுகாப்பற்றது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. 2001 இல் ஆர்எஃப்சி 3118 அடையாளச் சரிபார்ப்பு முறையை வகுத்தது; எனினும் அது பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. காரணம் எளிது: வலைக்குள் முதன்முதலாக நுழையும் கருவியிடம் இரகசியத் திறவுகோலை முன்கூட்டியே யார் கொண்டுசேர்ப்பது? அதைக் கையால் இடவேண்டுமெனில் தானமைவு என்பதற்கே பொருளில்லை.

இவ்விடர் எப்போதும் தீய நோக்கால் எழுவதன்று. மாணவர் விடுதியில் ஒருவர் வீட்டுத் திசைவியைக் கொண்டுவந்து தவறான துளையில் கம்பியைச் செருகினாலே போதும். அத்திசைவி அக்கம்பக்கத்து அறைகளுக்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கத் தொடங்கும். பலருக்கு இணையம் நின்றுபோகும். இதனைத் தடுக்கவே சுவிட்ச்களில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்னும் காவல் ஏற்பாடு உள்ளது. நிருவாகி நம்பகமானதெனக் குறித்த துளையைத் தவிர வேறெங்கிருந்து முன்மொழிவு வந்தாலும் சுவிட்ச் அதனை வீழ்த்திவிடும். நம்பகத்தைச் செய்தியில் வைக்க இயலாதபோது கம்பி செருகப்பட்ட இடத்தில் வைப்பது நடைமுறை அறிவு. ஆனால் விமான நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ அவ்வாறு காவல் உள்ளதா என்பதைப் பயனர் அறிய வழியில்லை.

தீய நோக்குடன் இயங்கும் சேவையகம் செய்யக்கூடியவற்றிற்கு இரு நிகழ்வுகள் போதும். 2014 செப்டம்பரில் பாஷ் நிரலில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, லினக்ஸின் சில டிஎச்சிபி மென்பொருள்கள் சேவையகம் தந்த மதிப்புகளை அப்படியே பாஷ் நிரலுக்குக் கையளித்து வந்தமை தெரிந்தது. வலையில் இணைந்த அளவிலேயே பிறர் கட்டளை கணினியில் இயங்கிவிடும் நிலை அது. மற்றொன்று 2024 மே மாதத்தில் லெவியதன் செக்யூரிட்டி நிறுவனத்தார் வெளியிட்ட டனல்விஷன். 2002 இல் ஆர்எஃப்சி 3442 வகுத்த 121 ஆம் விருப்பக் கூறு, கருவிக்குக் கூடுதல் வழித்தடங்களைத் தர உதவுவது. விபிஎன் பயன்படுத்தும் கணினி எல்லாப் போக்குவரத்தையும் மறைகுறிச் சுரங்கத்தின் வழியே அனுப்பும்படி ஒரு பொதுத் தடத்தை வைத்திருக்கும். தடங்களுள் குறுகிய எல்லையுடையதே முன்னுரிமை பெறும் என்பது வலையமைப்பின் விதி. பொய்ச் சேவையகம் இணையப் பரப்பை இரு பாதிகளாகப் பிரித்து இரு தடங்களை அளித்தால், அவை பொதுத் தடத்தைவிடக் குறுகியவை ஆதலின் போக்குவரத்து முழுவதும் சுரங்கத்திற்கு வெளியே ஒழுகும். விபிஎன் இணைந்திருப்பதாகத் திரை காட்டிக்கொண்டே இருக்கும். இதில் எந்த நெறிமுறையும் மீறப்படவில்லை. வரையறுத்தபடியே எல்லாம் நடக்கின்றன. 121 ஆம் கூறை ஏற்காத ஆண்ட்ராய்டு இவ்விடருக்கு ஆளாகவில்லை என்பது சுவையான முரண்.

குத்தகைப் பதிவேடும் சான்றும்

குத்தகைச் சேவையகம் ஒவ்வொரு முகவரியும் எந்த மேக் முகவரிக்கு எந்நேரம் முதல் எந்நேரம் வரை தரப்பட்டது என்பதைப் பதிந்துவைக்கிறது. வளாக வலையிலிருந்து முறைகேடான செயல் நிகழ்ந்ததாக முறையீடு வந்தால் முதலில் புரட்டப்படுவது இப்பதிவேடே. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறியாணை, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பேணவும், கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களுடன் ஒத்திசைக்கவும் பணித்தது. பின்னைய கட்டளை பலருக்கு அற்பமாகத் தோன்றலாம். குத்தகை முறையை அறிந்தோர்க்கு அதன் தேவை விளங்கும்.

10.20.5.37 என்ற முகவரி காலை 8.30 முதல் 10.30 வரை ஒரு மாணவியின் மடிக்கணினியிடமும், பிற்பகல் 2.00 முதல் 3.30 வரை வேறொருவரின் கைப்பேசியிடமும் இருந்ததாகக் கொள்வோம். முறையீட்டில் நேரம் 09:10 என்றுள்ளது. அது உலகப் பொதுநேரம் எனில் இந்திய நேரப்படி பிற்பகல் 2.40. ஐந்தரை மணிநேர வேறுபாட்டைக் கருதாமல் விசாரணைக் குழு அதனைக் காலை 9.10 எனப் படித்தால், யாதொரு தொடர்புமற்ற மாணவி விளக்கம் தரவேண்டிய நிலைக்கு ஆளாவார். பதிவேடு பொய் சொல்லவில்லை. படித்தவர் பிழைபடப் படித்தார்.

இதில் இன்னொரு படியும் உண்டு. 10 என்று தொடங்கும் முகவரிகள் வளாகத்திற்குள் மட்டுமே செல்லுபடியாகும்; வெளியிலிருந்து வரும் முறையீட்டில் வளாகம் முழுமைக்கும் பொதுவான வெளிமுகவரியே இருக்கும். அதனை உள்முகவரியுடன் இணைக்க, முகவரி மாற்றப் பதிவேட்டிலிருந்து வாயில் எண்ணுடன் கூடிய பதிவு தேவை. அதன்பின் கிடைக்கும் மேக் முகவரியும் கைப்பேசி தற்போக்காக உருவாக்கியதாக இருக்கலாம். எந்தக் கடைப் பற்றுச்சீட்டிலும் கருவியின் பெட்டியிலும் அது காணப்படாது. அக்கருவி எவருடையது என்பதைத் தனித்தனிப் பயனர் பெயருடன் கூடிய உள்நுழைவுப் பதிவேடு மட்டுமே காட்டவல்லது. நூலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் நிறுவனத்திடம் அப்பதிவேடு இராது. அத்தகைய இடத்தில் குத்தகைப் பதிவேடு, ஏதோ ஒரு கருவி குறித்த நேரத்தில் முகவரி கேட்டது, அது தரப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்றாகும்.